ஷெரிடா ஸ்பிட்ஸெ: நெதர்லாந்தின் 8-ஆம் எண் சட்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையோ, ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையோ வந்துவிட்டால் நெதர்லாந்து அணியைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மீடெமா, மார்டென்ஸ் என்று கோல் அடிப்பவர்களை எல்லோரும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த கோல்களுக்கு முந்தைய பந்தை அனுப்பியவர் யார் என்று கேட்டால் பலருக்கும் பதில் வருவதில்லை. பாதி நேரம் அது ஷெரிடா ஸ்பிட்ஸெதான். அவரைப் பற்றி வந்த கேள்விகளையும் பதில்களையும் இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன.

யாருங்க இவங்க? சுருக்கமா சொல்லுங்க.

நெதர்லாந்து தேசிய அணிக்காக அதிக ஆட்டங்கள் ஆடியவர். ஆண்கள் அணியையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். 2006-இல் தொடங்கி 2025 யூரோ வரை ஆடினார். 2017-இல் யூரோ கோப்பையை வென்ற அணியிலும், 2019 உலகக் கோப்பை இறுதிப்போட்டிக்குப் போன அணியிலும் நடுக்களத்தின் நடுவில் நின்றவர். 2023 உலகக் கோப்பையில் அணியின் கேப்டன்.

பிறந்தது 1990 மே 29, நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் உள்ள ஸ்னேக் என்ற ஊரில்.

பேரை ஸ்பிட்ஸ்னு சொல்லணுமா, ஸ்பிட்சேன்னு சொல்லணுமா?

இரண்டும் இல்லை. கடைசி எழுத்தை விழுங்கவும் கூடாது, நீட்டவும் கூடாது. "ஸ்பிட்ஸெ" என்று குறிலாக, லேசாகத் தொட்டு முடிக்க வேண்டும். அழுத்தம் முதல் அசையில் விழும்.

மிட்ஃபீல்டர்னா எந்த மிட்ஃபீல்டர்? 8-ஆம் நம்பர் சட்டை, ஆனா ஆடுறது 6-ஆம் நம்பர் மாதிரி இருக்கே?

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். நெதர்லாந்தில் எண்ணைச் சொன்னாலே இடம் புரிந்துவிடும். 6 என்றால் தடுப்பு வரிசைக்கு முன்னால் நிற்பவர், 8 என்றால் மேலும் கீழும் ஓடுபவர், 10 என்றால் முன்கள வீராங்கனைக்குப் பின்னால் ஆடுபவர். ஸ்பிட்ஸெ போட்டுக்கொண்டது 8. ஆனால் 2017, 2019 அணிகளில் அவர் பார்த்தது பெரும்பாலும் 6-இன் வேலை. அவரைச் சுற்றி ஓடும் வேலையை ஜாக்கி க்ரூனனும் (14-ஆம் எண்) டானியெல் வான் டி டொங்க்கும் (10-ஆம் எண்) எடுத்துக்கொண்டார்கள்.

இந்த மூவரின் பங்கீட்டைப் புரிந்துகொண்டால் அந்த அணியே புரியும். வான் டி டொங்க் எதிரணியின் பெனால்டி பாக்ஸ் வரை போய் நெருக்குவார். க்ரூனன் உதிரிப் பந்துகளைப் பொறுக்குவார். ஸ்பிட்ஸெ நடுவட்டத்தை விட்டு அதிகம் நகராமல், பந்தை வாங்கி இடமோ வலமோ மாற்றிவிடுவார். அவர் வேகமானவர் அல்ல. வேகம் தேவைப்படாத இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பதுதான் அவருடைய ஆட்டம்.

சின்ன வயசுல எங்க கத்துக்கிட்டாங்க? அப்போ பெண்களுக்கு லீக் இருந்துச்சா?

ஸ்னேக்கில், சிறுவர்களோடு சேர்ந்து. நெதர்லாந்தில் இது அதிசயமில்லை. சிறுமிகள் பதின்பருவம் வரை பையன்கள் அணியிலேயே ஆடுவதைக் கால்பந்துச் சங்கமே அனுமதிக்கிறது. உடம்பில் தன்னைவிடப் பெரியவர்களோடு ஆடும் சிறுமிக்கு, பந்தைக் காலில் வைத்துக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. வாங்கும் முன்பே எங்கே கொடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். ஸ்பிட்ஸெயின் ஓரிரு தொடுதல் ஆட்டத்தில் அந்தப் பழக்கம் தெரிகிறது.

நாடு முழுவதற்குமான பெண்கள் தொழில்முறை லீக், அதாவது பெண்கள் எரெடிவிசி, 2007-இல்தான் வந்தது. ஏடிஓ டென் ஹாக், ஏஇசட், ட்வென்டே, உட்ரெக்ட், ஹேரன்வேன், வில்லெம் 2 என்று மொத்தம் ஆறு கிளப்கள். ஸ்பிட்ஸெ தன் மாகாணத்து அணியான ஹேரன்வேனில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 17 வயது.

அப்போ லீக் வர்றதுக்கு முன்னாடியே தேசிய அணிக்கு ஆடிட்டாங்களா?

ஆமாம். முதல் ஆட்டம் 2006 ஆகஸ்ட் 31, லண்டனில் இங்கிலாந்துக்கு எதிராக. வயது 16. நெதர்லாந்து 0–4 என்று தோற்றது.

அன்றைய நிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்து பெண்கள் அணி அதுவரை யூரோவுக்கோ உலகக் கோப்பைக்கோ ஒரு முறைகூடத் தகுதி பெற்றதில்லை. முதல் பெரிய தொடர் 2009 யூரோ, ஃபின்லாந்தில். வேரா பாவ் பயிற்சியில் போன அந்த அணி காலிறுதியில் பிரான்ஸைப் பெனால்டியில் வென்றது. அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் இங்கிலாந்திடம் 1–2 என்று தோற்றது. 19 வயது ஸ்பிட்ஸெ அந்த அணியில் இருந்தார். 2013 யூரோவில் மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியேறினார்கள். 2015-இல் முதல் உலகக் கோப்பை. அதற்கு இரண்டே ஆண்டில் யூரோ கோப்பை. இந்தப் படிகள் எல்லாவற்றிலும் கால் வைத்தவர்கள் மிகச் சிலரே.

கிளப் வரிசையை ஒழுங்கா சொல்லுங்க. ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி போட்டிருக்காங்க.

ஹேரன்வேன் (2007–2012), ட்வென்டே (2012–2013), நார்வேயின் எல்எஸ்கே க்வின்னர் (2014–2016), மறுபடி ட்வென்டே (2017), நார்வேயின் வோலெரெங்கா (2018–2020). 2021-இல் ஆம்ஸ்டர்டாமின் ஆயாக்ஸில் சேர்ந்தார்.

குழப்பம் வருவதற்குக் காரணம், ட்வென்டே இரண்டு முறை, நார்வே இரண்டு முறை. நார்வேயில் இரண்டும் வேறு வேறு கிளப்கள். எல்எஸ்கே இருப்பது ஆஸ்லோவுக்குக் கிழக்கே லில்லெஸ்த்ரோமில். வோலெரெங்கா ஆஸ்லோ நகரத்துக் கிளப்.

எப்பவும் ஜனவரியிலயே கிளப் மாறுறாங்களே, ஏன்?

நாட்காட்டிதான் காரணம். நெதர்லாந்து லீக் ஆகஸ்ட்–செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு மே வாக்கில் முடியும். நார்வே லீக் பனி உருகிய பிறகு தொடங்கி அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் முடிந்துவிடும். நார்வேக்குப் போக வேண்டுமென்றால் அங்கே புது சீசன் தொடங்கும் முன் போக வேண்டும். அது நெதர்லாந்து சீசனின் நட்டநடு. திரும்பி வரும்போதும் அதே கதை.

இதனால் ஒரு சிக்கல்: அவருடைய சீசன்களை "2013–14" என்று எழுதுவதா "2014" என்று எழுதுவதா என்பதில் பட்டியல்கள் தடுமாறும். நார்வே ஆண்டுகளை ஒற்றை ஆண்டாக, நெதர்லாந்து ஆண்டுகளை இரட்டை ஆண்டாக எழுதினால் சிக்கல் தீரும்.

இங்கிலாந்து, ஜெர்மனின்னு போகாம நார்வேக்கு எதுக்குப் போனாங்க? அது சின்ன லீக் இல்லையா?

இன்றைய கண்ணால் 2014-ஐப் பார்க்கக் கூடாது. இங்கிலாந்தின் பெண்கள் சூப்பர் லீக் முழுநேரத் தொழில்முறை லீக் ஆனது 2018-இல்தான். நார்வேயோ 1995-இலேயே உலகக் கோப்பையும் 2000-இல் ஒலிம்பிக் தங்கமும் வென்ற நாடு. பெண்கள் கால்பந்து அங்கே வேரூன்றிப்போன விஷயம்.

பலனும் கிடைத்தது. எல்எஸ்கேயில் அவர் இருந்த 2014, 2015, 2016 மூன்று ஆண்டுகளிலும் லீக் பட்டமும் கோப்பையும் அந்தக் கிளப்புக்கே வந்தன. மூன்று ஆண்டில் ஆறு பட்டங்கள். அவர்களுடைய சொந்த மைதானம் கூரை போட்ட உள்ளரங்கம், செயற்கைப் புல். காற்றும் மழையும் இல்லாத அந்தத் தரையில் பந்து சீராக ஓடும். பாஸ் கொஞ்சம் பிசகினாலும் உடனே தெரிந்துவிடும். பாஸை நம்பி ஆடுபவருக்கு நல்ல பட்டறை. பிறகு வோலெரெங்காவுக்குப் போய் 2020-இல் அந்தக் கிளப்பின் முதல் லீக் பட்டத்திலும் முதல் கோப்பையிலும் பங்கெடுத்தார். அந்தக் கோப்பையின் இறுதிப்போட்டியில் எதிரணி அவருடைய பழைய எல்எஸ்கே.

2013-ல ட்வென்டே ஜெயிச்சது நெதர்லாந்து லீகா, பெல்ஜியம் லீகா?

இரண்டும் சேர்ந்தது. 2012 முதல் 2015 வரை இரு நாடுகளும் தங்கள் பெண்கள் லீக்குகளை இணைத்து பெனெ லீக் என்று நடத்தின. முதல் சீசனில் எட்டு நெதர்லாந்துக் கிளப்களும் எட்டு பெல்ஜியக் கிளப்களும் தனித்தனியாக ஆடி, பிறகு மேல்பாதி அணிகள் ஒன்றாக மோதின. அதை வென்றது ட்வென்டே, ஸ்பிட்ஸெ அப்போது அங்கேதான் இருந்தார். அடுத்த சீசனையும் ட்வென்டேயே வென்றது. ஆனால் ஜனவரி மாற்றம் பற்றி மேலே சொன்ன காரணத்தால் அவர் பாதியிலேயே நார்வே போய்விட்டார். ஆகவே அந்த 2013–14 பட்டத்தை அவர் பெயரில் எழுதும்போது "பாதி சீசன்" என்று குறிப்பது நியாயம்.

2017 யூரோவுல இவங்க என்ன செஞ்சாங்க? பேர் வாங்கினது மார்டென்ஸ்தானே?

தொடரின் சிறந்த வீராங்கனை லீகே மார்டென்ஸ்தான், மறுப்பில்லை. ஆனால் நெதர்லாந்து அடித்த 13 கோல்களில் மூன்று ஸ்பிட்ஸெயுடையவை. மூன்றும் நின்ற பந்திலிருந்து வந்தவை.

முதலாவது, ராட்டர்டாமில் டென்மார்க்குக்கு எதிரான பெனால்டி. அந்த ஆட்டம் 1–0. அந்த ஒரு கோல்தான் வெற்றி. இரண்டாவது, டில்பர்கில் பெல்ஜியத்துக்கு எதிரான பெனால்டி; 2–1 வெற்றியின் முதல் கோல். மூன்றாவது, ஆகஸ்ட் 6-ஆம் தேதி என்ஸ்கெடேயில் நடந்த இறுதிப்போட்டியில், மறுபடி டென்மார்க்குக்கு எதிராக. இடைவேளையில் 2–2. 51-ஆவது நிமிடத்தில் ஃப்ரீ கிக். எதிரணியினர் வரிசையாக நிற்கும் சுவருக்கு மேலே தூக்குவார் என்று எதிர்பார்த்த இடத்தில் தரையோடு அடித்து மூலையில் போட்டார். 3–2. அதன்பின் நெதர்லாந்து பின்தங்கவே இல்லை. 89-ஆவது நிமிடத்தில் மீடெமா 4–2 ஆக்கினார். என்ஸ்கெடே ட்வென்டேயின் ஊர். அந்த ஆண்டு ஸ்பிட்ஸெ ஆடிக்கொண்டிருந்ததும் ட்வென்டேக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தொடருக்காக அணிச் சட்டையின் சின்னத்தில் இருந்த ஆண் சிங்கத்தைப் பெண் சிங்கமாக மாற்றியிருந்தார்கள். கோப்பையை வென்றதும் அந்தச் சின்னம்தான்.

2019 உலகக் கோப்பையில கோலே அடிக்கலையே, அப்புறம் ஏன் அவ்வளவு புகழ்றாங்க?

அணி அடித்த 11 கோல்களில் நான்குக்கான கடைசிப் பந்து அவர் காலிலிருந்து போனது. வரிசையாகச் சொல்கிறோம். ரெய்ம்ஸில் கனடாவுக்கு எதிராக அவருடைய ஃப்ரீ கிக்கை அனூக் டெக்கர் தலையால் முட்டினார். ரென்னில் ஜப்பானுக்கு எதிராக அவருடைய கார்னரை மார்டென்ஸ் குதிகாலால் தட்டிவிட்டார். வேலன்சியெனில் இத்தாலிக்கு எதிரான காலிறுதியில் 70-ஆவது நிமிடம் ஃப்ரீ கிக், மீடெமாவின் தலை. 80-ஆவது நிமிடம் ஃப்ரீ கிக், ஸ்டெஃபானி வான் டெர் க்ராக்ட்டின் தலை. அந்த ஆட்டம் 2–0. அதாவது நெதர்லாந்து பெண்கள் அணியின் முதல் உலகக் கோப்பை அரையிறுதி முழுக்க முழுக்க இவருடைய இரண்டு ஃப்ரீ கிக்குகளால் வந்தது.

கோல் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. அந்த நான்கில் இரண்டை முடித்தவர்கள் சென்டர் பேக்குகள், அதாவது நடுத் தடுப்பாளர்கள், என்பதையும் கவனியுங்கள். ஓடும் ஆட்டத்தில் அவர்கள் கோல் பக்கம் வரவே முடியாது. நல்ல கார்னர் போடுபவர் ஒருவர் இருந்தால்தான் உயரமான டிஃபென்டர் கோல் அடிப்பவராகவும் மாறுவார்.

அவங்க ஃப்ரீ கிக், கார்னர்ல அப்படி என்ன விசேஷம்? எல்லாரும்தான் போடுறாங்க.

முதலில் அடிப்படை. ஸ்பிட்ஸெ வலது காலால் அடிப்பவர். வலது கால்காரர் இடது ஓரத்திலிருந்து அடித்தால் பந்து கோலை நோக்கி உள்ளே வளையும். வலது ஓரத்திலிருந்து அடித்தால் கோலை விட்டு வெளியே வளையும். உள்ளே வளையும் பந்தை யாராவது லேசாகத் தொட்டால் போதும். தொடாவிட்டால்கூட நேரே கோலுக்குள் போகும் அபாயம் இருப்பதால் கோல்கீப்பர் கோட்டிலேயே மாட்டிக்கொள்வார். வெளியே வளையும் பந்து ஓடிவரும் தலைக்கு எதிரே வருவதால் முட்டும் வேகம் கூடும்.

இது எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, பந்து முதல் டிஃபென்டரைத் தாண்டாது. கிட்டக் கம்பத்தில் நிற்பவர் அடித்து வெளியேற்றிவிடுவார். இரண்டு, பயந்துபோய் அதிகம் தூக்கிவிட்டால் பந்து மிதந்து வரும். கோல்கீப்பர் நடந்து வந்து பிடிப்பார். ஸ்பிட்ஸெயின் பந்து முதல் தலையைத் தாண்டும் அளவுக்கு மட்டும் உயர்ந்து, உடனே இறங்கும். கோல்கீப்பருக்கும் தடுப்பு வரிசைக்கும் நடுவே உள்ள அந்தச் சந்தில் விழும். கீப்பர் வெளியே வருவதா வேண்டாமா என்று தயங்கும் அரை நொடிதான் கோல்.

மூன்றாவது விஷயம், திரும்பத் திரும்ப அதே இடத்தில் போடுவது. பந்து எங்கே விழும் என்று தெரிந்தால் ஓடுபவர் பந்தைப் பார்த்து ஓட வேண்டியதில்லை, இடத்தைப் பார்த்து ஓடலாம். 2023 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் போர்ச்சுகலுக்கு எதிராக விழுந்த ஒரே கோலும் இப்படித்தான்: ஸ்பிட்ஸெயின் கார்னர், வான் டெர் க்ராக்ட்டின் தலை. இத்தாலி ஆட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, அதே இருவர்.

ஸ்வீடனுக்கு எதிரா அந்த 99-ஆவது நிமிட கோல் இவங்கதானே?

இல்லை. 2019 அரையிறுதியின் அந்த ஒரே கோல் ஜாக்கி க்ரூனனுடையது, பாக்ஸுக்கு வெளியிலிருந்து தாழ்வாக அடித்தது. இருவரும் நடுக்களம் என்பதால் வரும் குழப்பம்.

அமெரிக்காவுக்கு எதிரான ஃபைனல்ல ஸ்பிட்ஸெ கண்ணுலயே படலையே?

பத்தாவது நிமிடத்திலேயே மஞ்சள் அட்டை வாங்கினார். தடுப்புக்கு முன்னால் நிற்கும் நடுக்கள வீராங்கனைக்கு அவ்வளவு சீக்கிரம் அட்டை விழுந்தால் மீதி 80 நிமிடம் கை கட்டிப்போட்ட மாதிரி. எதிரணி வேகமாகத் திரும்பி வரும்போது சட்டையைப் பிடித்தோ காலை நீட்டியோ சின்ன ஃபவுலில் நிறுத்துவது அந்த இடத்தின் வேலை. இரண்டாவது அட்டை என்றால் வெளியே. ஆகவே ஒரு அடி தள்ளியே நிற்க வேண்டிவரும்.

அதோடு அமெரிக்கா நெதர்லாந்துக்கு ஃப்ரீ கிக்குகளை அதிகம் கொடுக்கவில்லை. 61-ஆவது நிமிடத்தில் ராபினோவின் பெனால்டி, 69-இல் லவெல். 0–2. அவருடைய பெரிய ஆயுதம் வெளியே வர அதிகம் வாய்ப்பில்லாத ஆட்டம் அது.

240 ஆட்டத்துக்கு மேலயா! அது எப்படிச் சாத்தியம்? ஸ்னைடரே 134தானே?

நெதர்லாந்து ஆண்களில் அதிகம் ஆடியவர் வெஸ்லி ஸ்னைடர், 134. ஸ்பிட்ஸெ 240-ஐத் தாண்டினார். ஸ்வீடனின் கரோலின் சேகர் வைத்திருந்த 240 என்ற ஐரோப்பியச் சாதனையும் அப்போது உடைந்தது. உலக அளவில் அமெரிக்காவின் கிறிஸ்டீன் லில்லி 354 ஆட்டங்களோடு இன்னும் வெகு உயரத்தில் இருக்கிறார்.

காரணங்கள் மூன்று. 16 வயதில் தொடக்கம், 35-இல் முடிவு, 19 ஆண்டுகள். ஆண்டுக்குச் சராசரி 12, 13 ஆட்டம்தான் வருகிறது, அது அசாத்தியமான எண் அல்ல. அடுத்தது, பெண்கள் கால்பந்தில் பிப்ரவரி–மார்ச்சில் அல்கார்வே கோப்பை போன்ற அழைப்புத் தொடர்கள் நடக்கும்; ஒரே பயணத்தில் மூன்று நான்கு சர்வதேச ஆட்டங்கள். (2018 அல்கார்வே இறுதிப்போட்டி பெருமழையால் ரத்தாகி, நெதர்லாந்தும் ஸ்வீடனும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன.) ஆண்களுக்கு அந்தப் பழக்கமில்லை. மூன்றாவது, அவர் அரிதாகவே காயமடைந்தார். அதுதான் பெரிய விஷயம். மற்ற இரண்டும் சக வீராங்கனைகளுக்கும் இருந்தனவே. அவர்கள் யாரும் இந்த எண்ணை நெருங்கவில்லையே.

ஒரு சைட்ல ஒரு எண், இன்னொண்ணுல வேற எண். எதை நம்புறது?

நெதர்லாந்துக் கால்பந்துச் சங்கமான கேஎன்விபியின் எண்ணை. சில தளங்கள் நட்பு ஆட்டங்களை விட்டுவிடுகின்றன, சில இளையோர் அணி ஆட்டங்களைச் சேர்த்துவிடுகின்றன. வித்தியாசம் மிகப் பெரியதாக இருந்தால் அந்தத் தளம் தகுதிச் சுற்றையும் பெரிய தொடர்களையும் மட்டும் எண்ணுகிறது என்று அர்த்தம்.

2023-ல டிஃபென்ஸ்ல ஆடினாங்களே, வயசாயிட்டதால பின்னாடி தள்ளிட்டாங்களா?

"தள்ளிவிட்டார்கள்" என்பது சரியல்ல. பயிற்சியாளர் ஆன்ட்ரீஸ் யோங்கர் அந்த உலகக் கோப்பையில் மூன்று சென்டர் பேக் வைத்து ஆடினார்: ஸ்பிட்ஸெ, வான் டெர் க்ராக்ட், டொமினிக் யான்சென். நடுக்களத்தில் க்ரூனன், வான் டி டொங்க், ஜில் ரோர்ட். ஓட்டம் நிறைந்த மூவர் முன்னால் போக, பந்தைப் பின்னாலிருந்து தொடங்கிவைக்கும் வேலை ஸ்பிட்ஸெக்கு வந்தது. நீண்ட பாஸ் அடிக்கத் தெரிந்தவருக்கு அந்த இடம் வசதி. முன்னால் ஆட்டம் முழுக்கத் தெரியும், முதுகில் யாரும் நெருக்க மாட்டார்கள்.

ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. ஓரத்தில் ஆடும் விங் பேக் மேலே ஏறிவிட்டால் அவருக்குப் பின்னால் பெரிய வெற்றிடம். அங்கே வேகமான ஓட்டக்காரி ஒருவர் புகுந்தால் வேகம் குறைந்த சென்டர் பேக் பக்கவாட்டில் ஓட வேண்டிவரும். இதைச் சமாளிக்க நடுவில் நிற்பவர் சீக்கிரம் அந்தப் பக்கம் சரிய வேண்டும். குழுச் சுற்றில் அமெரிக்காவோடு 1–1, அடுத்த சுற்றில் தென்னாப்பிரிக்காவை 2–0 என்று அந்த அமைப்பு நன்றாகவே தாங்கியது. காலிறுதியில், பிறகு கோப்பையை வென்ற ஸ்பெயினிடம் கூடுதல் நேரத்தில் 1–2.

இவ்வளவு ஆடியும் ஒலிம்பிக் பதக்கம் ஏன் இல்லை?

பதக்கம் இருக்கட்டும், ஒலிம்பிக்கில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. இந்தப் பயணத்தில் மிகவும் வருத்தமான பகுதி இதுதான். அந்த ஆண்டுகளில் ஐரோப்பாவிலிருந்து பெண்கள் ஒலிம்பிக்குக்கு மூன்று இடங்கள்தான் இருந்தன. 2016 ரியோவுக்கான கடைசி இடத்துக்கு நெதர்லாந்து தன் சொந்த மண்ணில் ஸ்வீடன், நார்வே, சுவிட்சர்லாந்தோடு மோதியது. இடம் ஸ்வீடனுக்குப் போனது. 2019 உலகக் கோப்பை வழியாக டோக்கியோவுக்கு முதல்முறையாகத் தகுதி கிடைத்தது. 2021-இல் அது நடந்தபோது ஸ்பிட்ஸெ காயத்தால் போக முடியவில்லை. அரிதாகக் காயமடைபவர் என்று மேலே சொன்னோம். வந்த காயம் அப்போது வந்தது.

2024 பாரிஸுக்கான கடைசி வாய்ப்பு, ஐரோப்பிய தேசிய அணிகள் மோதும் நேஷன்ஸ் லீக்கின் மூன்றாம் இட ஆட்டம், ஜெர்மனிக்கு எதிராக. 0–2 தோல்வி. அது நடந்த இடம் ஹேரன்வேன், அவர் 17 வயதில் கிளப் வாழ்க்கையைத் தொடங்கிய ஊர்.

ஆயாக்ஸ்ல கடைசி காலத்தை ஓட்டினாங்கன்னு சொல்றது சரியா?

இல்லை. 2022-இல் கோப்பை, 2022–23-இல் லீக் பட்டம், 2024-இல் மறுபடி கோப்பை. ஐரோப்பியக் கிளப்கள் மோதும் 2023–24 சாம்பியன்ஸ் லீக்கில் பயர்ன், ரோமா இரண்டையும் பின்னுக்குத் தள்ளி, பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னோடு குழுவிலிருந்து காலிறுதிக்குப் போனது ஆயாக்ஸ். அங்கே செல்சியிடம் தோற்றாலும், ஆம்ஸ்டர்டாமில் நடந்த அந்த ஆட்டத்துக்கு 35,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஆறு கிளப்களோடு தொடங்கிய லீக் அது.

சம்பளம் ஆண்களுக்குச் சமமா கிடைச்சுதா?

தேசிய அணிக்கு ஆடுவதற்கான ஊதியத்தில், ஆம். கேஎன்விபி 2022 ஜூலை 1 முதல் இரு அணிகளுக்கும் சமமாக்கியது. கிளப் சம்பளம் வேறு கணக்கு. அதில் இடைவெளி அப்படியே இருக்கிறது. ஸ்பிட்ஸெயின் சர்வதேச வாழ்க்கையில் சமஊதியம் கிடைத்தது கடைசி மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே.

டிவியில இவங்க ஆட்டத்தை எப்படிப் பார்க்கிறது? பந்து பின்னாடியே போனா ஒண்ணும் புரிய மாட்டேங்குது.

பந்தை விட்டுவிட்டு அவரையே பத்து நிமிடம் பாருங்கள். சென்டர் பேக்கிடம் பந்து இருக்கும்போது தலையைத் திருப்பி இரு பக்கமும் பார்ப்பார். பந்து வந்து சேரும் முன்பே உடம்பைப் பாதி திருப்பியிருப்பார். அதனால் முதல் தொடுதலிலேயே முன்னோக்கிப் போக முடியும். நேராக நின்று வாங்கினால் திரும்புவதற்கு இன்னொரு தொடுதல் வேண்டும், அதற்குள் எதிராளி வந்துவிடுவார்.

அணி ஓரத்தில் தாக்கும்போது அவர் பாக்ஸுக்குள் ஓடமாட்டார். அதன் விளிம்புக்கு வெளியே, நடுவில் நிற்பார். பந்து பறிபோனால் முதலில் எதிரே வருபவர் அவர். டிவி கேமரா பந்தோடு போவதால் பெரும்பாலும் திரையின் ஓரத்தில்தான் தெரிவார்.

ஒரே ஒரு மேட்ச் முழுசா பார்க்கணும்னா எது?

பலரும் 2017 இறுதிப்போட்டியைச் சொல்வார்கள். நாங்கள் 2019 ஜூன் 29, இத்தாலி காலிறுதியைச் சொல்வோம். வேலன்சியெனில் கடும் வெயில், தண்ணீருக்காக ஆட்டத்தை நிறுத்துமளவுக்கு. முதல் பாதியில் இத்தாலிக்கே நல்ல வாய்ப்புகள். கால்கள் களைத்தபின் ஓட்டத்தால் எதுவும் நடக்காது என்ற நிலையில் 65-ஆவது நிமிடத்திலிருந்து பாருங்கள். ஒவ்வொரு ஃப்ரீ கிக்குக்கும் பந்தைக் கையால் எடுத்து வைத்து, பின்னால் நகர்ந்து, பாக்ஸுக்குள் யார் எங்கே என்று ஒருமுறை பார்த்துவிட்டு அடிக்கிறார். 70-இல் ஒன்று, 80-இல் ஒன்று. இரண்டிலும் முட்டியவரை விட்டு, இத்தாலியின் கோல்கீப்பர் கால்களைப் பாருங்கள்.